மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு



கோடை வருகிறது. நண்பர்களோடு எந்த மலைக்குப் போவது, எந்தச் சனி ஞாயிறில் போவது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போதே பேச்சுத் தொடங்கியிருக்கும். உங்களில் நிறையப் பேர் வழக்கம்போல ஐன்சீடெல்ன் பக்கம்தான் போவீர்கள். மீத்தன் மலை சூரிச்சிலிருந்து கிட்ட, போக்குவரத்தும் சுகம், உச்சியில் நின்றால் லூசேர்ன் ஏரி வரைக்கும் தெரியும். போகத்தான் வேண்டும். போவதற்கு முன் உங்கள் அன்ரிமாரில் ஒருத்தி சொல்வதையும் கேட்டுவிட்டுப் போங்கள். தமிழ் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் அக்காவிடமோ அண்ணாவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். "இதையெல்லாம் பெரிசா எழுத வேணுமே" என்று மடித்து வைத்துவிடுவார்.

வேடன்ஸ்வீலில் மாறி ஏறும் அந்தச் சிறிய ரயிலில் சனிக்கிழமை காலைகளில் நாங்களும் நீங்களும் ஒன்றாகத்தான் ஏறுகிறோம். எங்கள் பைகளில் மெழுகுதிரி, பூ, மதியத்துக்குக் கட்டிய சோறு, தீர்த்தம் எடுத்து வருவதற்கு வெறும் போத்தல்கள். உங்கள் முதுகில் மலைப்பை, அதன் பக்கவாட்டில் செருகிய ஊன்றுதடி, காலில் கணுக்கால் வரை ஏறிய சப்பாத்து. ஐன்சீடெல்னில் இறங்கியதும் நீங்கள் ப்ரூனிக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்துத் திரும்புகிறீர்கள். நாங்கள் கறுப்பு மாதா இருக்கும் மடாலயத்துக்குப் போகும் தெருவில் நடக்கிறோம். சில குடும்பங்களில் தாயும் பிள்ளையும் ஒரே வீட்டிலிருந்து ஒரே காரில் வந்து, கோயில் வாசலில் பிரிகிறார்கள். "நீங்கள் கும்பிடுங்கோ, நாங்கள் அஞ்சு மணிக்கு வந்து ஏத்துறம்" என்று சொல்லிவிட்டுக் கார் போய்விடும்.

இந்தப் பிரிவு எனக்கு நெடுநாளாக மனதில் கிடக்கும் குறை. ஐந்து மணிக்கு நீங்கள் முகமெல்லாம் வெயிலில் சிவந்து, சப்பாத்தில் சேறு அப்பி, நண்பர்களோடு சிரித்த சிரிப்பு இன்னும் அடங்காமல் திரும்பி வருகிறீர்கள். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: "சாப்பிட்டனீங்களோ?" நீங்கள் ஓம் என்கிறீர்கள். கைப்பேசியில் இரண்டு படம் காட்டுகிறீர்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பிடிக் கரையில நிக்காதேங்கோ பிள்ளை" என்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மேலே என்ன கண்டீர்கள் என்று அவர் கேட்பதில்லை. கீழே யாருக்காக நேர்ந்தார் என்று நீங்களும் கேட்பதில்லை. கோயில் அவர்களுக்கு, மலை எங்களுக்கு என்று ஒருவரும் சொல்லாமலே ஒரு பங்கீடு நடந்து முடிந்திருக்கிறது. அந்தப் பங்கீட்டை நான் ஏற்கவில்லை. நீங்களும் ஏற்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பெற்றோரில் பெரும்பாலோர் இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள். எந்தக் கன்ரோனில் இருப்பது என்பதை அவர்கள் தெரிவு செய்யவில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசாங்கம் கன்ரோன்களுக்குப் பங்கிட்டு அனுப்பியது. அனுப்பிய இடத்துக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான நிலத்தையே பார்த்து வளர்ந்த இருபது வயதுப் பெடியன், ஜனவரி மாதத்தில் பனி மூடிய ஒரு மலைக்கிராமத்து விடுதியில் இரும்புக் கட்டிலில் போய் உட்கார்ந்தால் அந்த மலை அவனுக்கு அழகாகவா தெரிந்திருக்கும்? வழி அடைபட்டதுபோலத்தான் தெரிந்தது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு வேலை கிடைத்தது. உணவகச் சமையலறை, முதியோர் இல்லம், வைத்தியசாலைச் சலவை, அலுவலகம் கூட்டித் துடைப்பது. சனி ஞாயிறு என்பது இந்த நாட்டில் மற்றவர்கள் மலையேறும் நாள். அவர்கள் பசியோடு இறங்கி வரும்போது சமைத்துக் கொடுத்தவர்கள் உங்கள் அப்பாமார். மலையடிவார ஹோட்டல்களின் நிலக்கீழ்ச் சமையலறையில் பத்து மணி நேரம் நின்றவர்களுக்கு மேலே விருந்தினர் பார்த்துக்கொண்டிருந்த மலை தெரியவில்லை. இன்று சுவிஸில் நம் ஆட்கள் ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறோம். மருத்துவர் ஆகியிருக்கிறீர்கள், பொறியியலாளர் ஆகியிருக்கிறீர்கள், நகரசபைகளில் இருக்கிறீர்கள். உங்களை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட்டவர்களில் எத்தனை பேரிடம் ஒரு சோடி மலைச்சப்பாத்து இருக்கிறது? வீட்டு வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டை இன்றைக்கு ஒருமுறை பாருங்கள். உங்களுடையது இரண்டு சோடி இருக்கும். அம்மாவுடையது வேலைக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்து ஒன்றும் செருப்பு ஒன்றும்.

ஆக, கிடைத்த ஒரு ஓய்வு நாளில் அவர்கள் போனது மாதாவிடம்.

உங்களில் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள்: "அன்ரி, நீங்கள் சைவம்தானே, பிறகேன் மாதாவிட்டப் போறியள்?" நியாயமான கேள்வி. நான் சைவக்காரிதான். வீட்டில் சாமி அறை இருக்கிறது, வெள்ளிக்கிழமை மச்சம் சமைப்பதில்லை. ஆனாலும் ஐன்சீடெல்னுக்கும் போவேன், பாசல் பக்கம் மரியாஸ்டைனுக்கும் போவேன். அங்கே வரும் தமிழரில் என்னைப் போலச் சைவர்கள் நிறைய. ஊரிலும் அப்படித்தான். மடு மாதாவிடம் போகாத சைவக் குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. வந்த புதிதில் இங்கே கும்பிடப் போக நம் ஊர்க்கோயில் எதுவும் இருக்கவில்லை. கதவு திறந்திருந்த இடத்தில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு நின்றார். அவரும் கறுப்பு.

அந்தக் கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பதினைந்தாம் நூற்றாண்டுச் சிலை. ஆண்டாண்டு காலமாக எரிந்த மெழுகுதிரிகளின் புகை படிந்து முகமும் கையும் கறுத்துப் போயின. 1799இல் சிலையைப் பழுதுபார்த்த ஓவியர் கரியைத் துடைத்தபோது அடியில் மனிதத் தோலின் நிறம் தெரிந்தது. ஆனால் மக்கள் அறிந்த மாதா கறுப்பு. வேறு நிறத்தில் வந்தால் இவர் எங்கள் மாதா இல்லை என்பார்கள் என்று மறுபடி கறுப்பு பூசினார்கள். வெள்ளைக்காரர் வாழும் ஒரு மலைநாட்டில் கறுத்த முகத்தைத்தான் தாய் என்று ஏற்போம் என்று சனங்கள் நின்றிருக்கிறார்கள். நிறத்துக்காக ட்ராமில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்த காலத்தில் வந்த உங்கள் அம்மாவுக்கு இந்தச் சிலையின் முன் நிற்பது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பண்டிகைக்கும் காலத்துக்கும் ஏற்ப அந்த மாதாவுக்கு உடை மாற்றுவார்கள். சாத்துப்படி பார்த்துப் பழகிய எங்களுக்கு அதுவும் புதிதாகத் தெரியவில்லை.

இப்போது உங்கள் மலைக்கு வருகிறேன். மேலே சொன்ன பழுதுபார்க்கும் வேலை நடந்தது ஐன்சீடெல்னில் இல்லை, ஒஸ்திரியாவின் ப்லுடென்ஸில். மாதா ஏன் அங்கே போனார்? 1798இல் பிரெஞ்சுப் படை வந்தது. படை வந்து சேர்வதற்குள் துறவிகள் சிலையை எடுத்துக்கொண்டு அல்ப்டால் பள்ளத்தாக்கு வழியாகப் போனார்கள். ஹக்கெனெக் கணவாயில் மண்ணுக்குள் புதைத்து மறைத்தார்கள். அங்கிருந்து எடுத்து, ஒரு வியாபாரியின் சரக்குப் போல முதுகில் சுமந்து எல்லை கடத்தினார்கள். படையினர் மாதாவின் சிற்றாலயத்தை இடித்தார்கள். 1803இல்தான் மாதா வீடு திரும்பினார். இன்று நாங்கள் முழங்காலிடும் அந்தக் கறுப்புச் சலவைக்கல் சிற்றாலயம் 1817இல் மறுபடி எழும்பியது.

ஹக்கெனெக் உங்களுக்குத் தெரிந்த இடம். 1,414 மீற்றர் உயரம். இரண்டு மீத்தன்களும் பக்கத்தில் எழும்பி நிற்க, நீங்கள் பைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொக்லேற் பிரித்துச் சாப்பிடும் கணவாய். உங்கள் அம்மா கீழே யாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாரோ, அவர் ஒருகாலத்தில் உயிர் தப்ப ஒளிந்திருந்த நிலத்தின் மேல்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் கதை தெரியாது, ஏனென்றால் நீங்கள் கோயிலுக்குள் வருவதில்லை. அம்மாவுக்கு அந்த இடம் தெரியாது, ஏனென்றால் அவரை நீங்கள் மலைக்குக் கூட்டிப் போவதில்லை.

இந்தக் கதையை உங்கள் அம்மாவுக்குச் சொன்னால் அவர் உடனே இன்னொரு கதை சொல்வார். ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கோயில் மாதாவைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. அந்த மாதாதான் மடு மாதா. 1999 நவம்பரில் மடுவில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மேல் செல் விழுந்து பலர் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலை நெருங்கியபோது குருமார் மாதாவை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் அதே சிலைக்கு மறுபடியும் ஓட்டம். உங்களில் சிலருடைய சித்திமார், மாமாமார் அந்த நாட்களில் அதே காட்டுப் பாதைகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். இதை அவர்கள் உங்களிடம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லமாட்டார்கள். கேட்டாலும் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போவார்கள். பக்கத்துப் பக்கத்தில், முகத்தை முகம் பாராமல், மூச்சு வாங்க நடக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. இதை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு அக்கா இருக்கிறார். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. போன கோடையில் அவருடைய மகள், நண்பிகளோடு போகும் நடைக்குத் தாயையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. முதல் அரை மணி நேரம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டுக்குள் ஏற்றம் தொடங்கியதும் ஒரு இடத்தில் நின்று, மண்ணில் கிடந்த ஒரு காய்ந்த குச்சியை எடுத்து, அதை முறித்துப் பார்த்து, "இது அடுப்புக்கு நல்லா எரியும்" என்றார். அங்கிருந்து தொடங்கிற்று. சிறுபிள்ளையாக மாட்டுவண்டியில் மடுத் திருவிழாவுக்குப் போனது, காட்டு மரத்தடியில் கொட்டில் போட்டுத் தங்கியது, விறகு பொறுக்கிக் கல்லடுப்பில் சமைத்தது, இரவில் யானை வரும் என்று அப்பா தீ மூட்டிக் காவல் இருந்தது. மகளுக்கு முப்பது வயது. அவளுக்கு இதில் ஒரு வரிகூட முன்பு தெரியாது. மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புல்லில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கொண்டுவந்த புளிச்சாதத்தை எல்லோருக்கும் பங்கு போட்டார். கூட வந்த சுவிஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் கையால் சாப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அக்கா ஜெர்மன் மொழியில் யானைக் கதையைத் திருப்பிச் சொன்னபோது மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "நாங்கள் கேட்டுப் பார்த்தம் அன்ரி, அவைதான் வரமாட்டினம்." உண்மைதான், வரமாட்டோம் என்றுதான் சொல்வார்கள். அந்த வரமாட்டேனுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழங்கால் வலி இருக்கிறது. பல வருடம் குனிந்து துடைத்த முழங்கால். கேபிள் காருக்கும் மலையுச்சித் தேநீருக்கும் ஆகும் காசை மனது கூட்டிப் பார்க்கிறது. காடு என்றால் சிலருக்குப் பயம், அந்தப் பயத்துக்குக் காரணம் இந்த நாட்டில் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரியது, உங்கள் நண்பர்கள் முன்னால் மூச்சு வாங்கிப் பின்தங்கிவிடுவேனோ, பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விடுமோ என்ற கூச்சம். அதை ஒரு தாய் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "எனக்கு அதில விருப்பமில்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். நம் வீடுகளில் சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி "வேண்டாம், போதும்" என்றால் உடனே சட்டியை மூடிவிடுகிறோமா? அதுபோலக் கேளுங்கள். முதல் தடவை மறுத்ததை மறுப்பாக எடுக்காதீர்கள்.

நடப்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம் என்றும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் வெறுங்காலோடு நடந்து போன சனங்களின் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தவர்கள். இடம்பெயர்வில், பெட்டியைத் தலையில் வைத்து, கைதடிப் பாலத்தைத் தாண்டி இரவிரவாக நடந்தவர்களும் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஆசைக்காக நடக்கும் ஒரு நடைதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கோயிலும் மலையும் வேறு வேறு என்ற எண்ணமே இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. ஐன்சீடெல்ன் தொடங்கியதே ஒரு தனி மனிதர் காட்டுக்குள் நடந்து போனதால். மைன்ராட் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டில் அந்த இருண்ட காட்டில் போய்க் குடிசை போட்டார். 861இல், தான் சோறு போட்ட இரண்டு திருடர்களாலேயே கொல்லப்பட்டார். அவர் வளர்த்த காகங்கள் கொலைகாரரைத் துரத்திக் காட்டிக்கொடுத்தன என்று சொல்வார்கள். மடாலயத்தின் சின்னத்தில் இன்றும் இரண்டு காகங்கள் இருக்கின்றன. 934இல் மடாலயம் வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவின் பல பக்கத்திலிருந்தும் யாத்திரிகர் நடந்தே வந்தார்கள். ஸ்பெயினிலுள்ள சந்தியாகு யாகப்பர் கோயில் வரை போகிறவர்கள் ஐன்சீடெல்னில் தங்கி, ஹக்கெனெக் ஏறி, ஷ்வீட்ஸில் இறங்கினார்கள். 1775இல் கவிஞர் கோத்தேயும் அதே கணவாயைக் கடந்து போனார். நீங்கள் பின்தொடரும் மஞ்சள் பலகைகளில் பச்சை நிறத்தில் 4 என்று ஒரு இலக்கம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது அந்த யாகப்பர் பாதை. உங்கள் மலைப்பாதையே யாத்திரைப் பாதைதான். பஸ்ஸிலும் காரிலும் வந்து வாசலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிற வழக்கம் நேற்று வந்தது.

இனி நான் கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன். நண்பர்களோடு போகும் பயணங்களை நீங்கள் விட்டுவிட வேண்டாம். பெரிய மீத்தன் உங்களுக்கே இருக்கட்டும். 1,898 மீற்றர், செங்குத்தான பாறையில் நாற்பதுக்கு மேற்பட்ட வளைவுகள், சில இடங்களில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும். மழை பெய்த நாளில் வழுக்கும், அங்கே விழுந்து உயிர் போனவர்களும் உண்டு. அங்கே அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்லி நான் கேட்கமாட்டேன். நீங்களும் மேகம் கறுத்தால் திரும்பி வாருங்கள். நான் கேட்பது ஒரு சனிக்கிழமை. இந்தக் கோடையில், அதே நண்பர் கூட்டத்தோடு, ஒவ்வொருவரும் தன் தாயையோ தகப்பனையோ அம்மம்மாவையோ கூட்டிக்கொண்டு வரும் ஒரு சனிக்கிழமை.

வழியும் சொல்கிறேன். காலையில் முதலில் மாதாவிடம் போங்கள், எல்லோரும். நம்பிக்கை இல்லாதவர்கள் கும்பிட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். வெளியே சதுக்கத்தில் மாதா ஊற்று இருக்கிறது. பதினான்கு குழாய்கள். இயேசு அதில் ஒன்றில் தண்ணீர் குடித்தார் என்று ஒரு கதை உண்டு, எது என்று தெரியாது, அதனால் யாத்திரிகர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துக்கொண்டு சுற்றி வருவார்கள். உங்கள் அம்மா அப்படிச் சுற்றி வருவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒருமுறை கூடச் சுற்றுங்கள். மலைக்குக் கொண்டுபோகும் போத்தலையும் அங்கேயே நிரப்பலாம்.

அங்கிருந்து ஆல்ப் ஆற்றோரமாக ட்ராக்ஸ்லாவ் வழியாக அல்ப்டால் வரைக்கும் பாதை ஏறத்தாழத் தட்டையாகவே போகும். வழியில் ஆவ் கன்னியர் மடம் வரும். பெனடிக்டைன் சகோதரிகள் இருக்கிறார்கள், உட்கார்ந்து இளைப்பாறலாம். இந்தத் தூரம் அம்மம்மாமாருக்குப் போதும். அல்ப்டாலில் களைத்தவர்கள் பஸ் ஏறி ஐன்சீடெல்னுக்குத் திரும்பட்டும், கூட ஒரு பேரன் போகட்டும். தெம்புள்ளவர்களோடு நீங்கள் காட்டுப் பாதையில் ஹக்கெனெக் ஏறுங்கள். ஏறத்தாழ நானூறு மீற்றர் ஏற்றம். மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் இளைப்பாறும் நேரம் சேர்ந்திருக்காது. அதைப் போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிற்றாலயமும் சாப்பாட்டுக் கடையும் உண்டு. ஏறவே முடியாதவர்களுக்கு ஷ்வீட்ஸ் பக்கத்தில் ரிக்கன்பாக்கிலிருந்து ரோட்டன்ஃப்லூவுக்குத் தொங்கு வண்டி இருக்கிறது, 1,571 மீற்றர் வரை இருந்தபடியே போகலாம். எந்த வண்டி எப்போது ஓடுகிறது என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

சில்லறை விடயங்களும் இருக்கின்றன, அவற்றில்தான் பயணம் கெடும். மெதுவாக நடக்கிறவரை முன்னால் விடுங்கள், கூட்டம் அவருடைய வேகத்தில் போகட்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று பொய் சொல்லாதீர்கள். எவ்வளவு இருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள், நடப்பார்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரில் மாடு வளர்த்தவர், நேரே போய் நெற்றியைத் தடவப் பார்ப்பார். மலை மாடு அதைப் பொறுக்காது. சோறு கட்டிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உங்கள் சுவிஸ் நண்பர்களையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். பல வருடம் உங்கள் பேச்சில் பெயர் மட்டும் கேட்ட அந்தப் பிள்ளைகளை அம்மா ஒரு நாளாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஹக்கெனெக்கில் எல்லோரும் உட்கார்ந்ததும் 1798இன் கதையை நீங்கள் சொல்லுங்கள். தமிழில் தடுமாறினால் தடுமாறுங்கள். மாதாவை இந்த மண்ணில்தான் புதைத்து வைத்திருந்தார்கள் என்பதைப் பிள்ளையின் வாயால் கேட்க உங்கள் அம்மாவுக்கு உரிமை இருக்கிறது. பிறகு அவர் சொல்வதைக் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காலத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். முதலில் வந்த தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது. சிலர் ஓய்வூதியத்துக்கு வந்துவிட்டார்கள், சிலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்கள், சிலர் போய்விட்டார்கள். முழங்கால் இன்னும் இரண்டு கோடை தாங்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் வேலையில் உயர உயர உங்களுக்கும் சனிக்கிழமை கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

ஜூன் பாதிக்குப் பிறகு கணவாயில் பனி பெரும்பாலும் கரைந்திருக்கும். செப்டெம்பர் 14இல் ஐன்சீடெல்னில் தேவதூதர் அர்ச்சிப்புத் திருவிழா. மாலையில் சதுக்கம் முழுக்க விளக்கேற்றுவார்கள், அன்றைக்கு வரப்போகும் பெற்றோர் ஏற்கனவே நிறையப் பேர். அதற்கு முன் வருகிற ஏதாவது ஒரு சனிக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். இன்று இரவே உங்கள் குழுவில் திகதியைப் போடுங்கள். வேலை அட்டவணை முன்கூட்டியே போடப்படும், ஆகவே அம்மாவை இந்தக் கிழமையே அந்த நாளுக்கு விடுப்புக் கேட்கச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் மலைக்குப் போகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அதோடு, அவருடைய சப்பாத்து அளவு என்ன என்று கேட்டு ஒரு சோடி வாங்குங்கள். விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். புதுச் சப்பாத்து கடிக்கும், இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே வீட்டுக்குள் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

அன்போடும் உரிமையோடும்,
உங்கள் அன்ரிமாரில் ஒருத்தி